கடினத்தன்மைச் சோதனைக்கு உலோகத்தை அனுப்பும் முன்: முதல்முறை செல்பவர்களுக்கு

வரைபடத்தின் மூலையில் "58–62 எச்.ஆர்.சி." என்று ஒரே ஒரு வரி இருக்கும்; ராக்வெல் 'சி' என்ற ஸ்கேலில் கடினத்தன்மை இவ்வளவு இருக்க வேண்டும் என்று பொருள். அதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கி வா என்று உங்களை அனுப்புவார்கள். சின்ன வேலை போலத்தான் தெரியும். துண்டை நீட்டியதும் கேள்விகள் தொடங்கும்: எந்த ஸ்கேல், எவ்வளவு லோடு, எந்த முகம், எத்தனை இடம், எந்தத் தரநெறியின்படி? பதில் தெரியாமல் நின்றால் சோதனைக்கூடம் தனக்குத் தோதான முறையில் அளந்து ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். வாங்குபவர் அதை ஏற்க மாட்டார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மறுபடியும் கட்டணம். இந்த அலைச்சலைப் போதும் போதும் என்கிற அளவுக்கு நான் பட்டுவிட்டேன். நீங்கள் படவேண்டியதில்லை.

1. எதை அளக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கீழே வரும் விதிகள் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

உலோகம் என்பது நுண்ணிய படிக மணிகளின் தொகுப்பு. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்திருக்கும். லேசாக அழுத்தினால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு கொஞ்சம் நெகிழும்; கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் வழுக்கி நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். இதுதான் நிரந்தர உருமாற்றம்.

ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அணு வரிசையில் டிஸ்லொகேஷன் என்ற கோடு போன்ற பிறழ்வுகள் உண்டு. அந்தக் கோடு ஒவ்வோர் அணு வரிசையாகக் கடந்து போகும்போது, அடுக்கும் படிப்படியாக நகர்ந்துவிடுகிறது. குறையே இல்லாத படிகத்துக்குக் கணக்குப் போட்டால் வரும் வலிமையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடக் குறைந்த விசையிலேயே உண்மையான மென்மையான படிகம் வளைந்துவிடுவதற்கு இதுவே காரணம். டெய்லர், ஓரோவான், போலானி மூவரும் 1934இல் தனித்தனியாக இந்த விளக்கத்தைக் கொடுத்தார்கள்.

அப்படியானால் கடினமான உலோகம் எது? டிஸ்லொகேஷன்கள் எளிதில் நகர முடியாத உலோகம். எஃகில் சிக்கியிருக்கும் கார்பன் அணுக்கள், நுண்ணிய வீழ்படிவுத் துகள்கள், மணிகளின் எல்லைகள் எல்லாம் அவற்றை வழிமறிக்கும். மற்ற டிஸ்லொகேஷன்களும் வழிமறிக்கும். நன்றாக அனீல் செய்த, அதாவது சூடேற்றி மெல்லக் குளிரவைத்து மென்மையாக்கிய உலோகத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுமுகத்தைச் சுமார் 10,000 டிஸ்லொகேஷன்கள் கடக்கும். சூடேற்றாமல் பலமாக உருட்டியோ அடித்தோ நசுக்கிய பிறகு அந்த எண்ணிக்கை 100 கோடியையும் தாண்டும். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் உலோகம் விறைத்துப்போகிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைக்கும்போது அந்த இடம் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

கடினத்தன்மைச் சோதனையில் ஒரு குண்டையோ வைர முனையையோ அழுத்தி, உள்ளே இந்த வழுக்கலை வேண்டுமென்றே நடக்க வைக்கிறோம். மிஞ்சும் தடத்தின் அளவிலிருந்து எண்ணைக் கணக்கிடுகிறோம். இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடத்தைச் சுற்றிலும் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் உருமாறிய பகுதி ஒன்று பரவியிருக்கும். மேற்பரப்பை நீங்கள் தேய்ப்பதும் வெட்டுவதும்கூட ஓர் உருமாற்றம்தான். அதுவும் எண்ணில் கலந்துவிடும். முனையும் லோடும் மாறினால் உலோகம் உருமாறும் அளவும் மாறும், ஆகவே எண்ணும் மாறும். முறையைச் சொல்லாத கடினத்தன்மை எண்ணுக்குப் பொருளே கிடையாது.

2. முறையை நீங்களே தேர்ந்தெடுங்கள்

வரைபடமோ ஒப்பந்தமோ ஒரு ஸ்கேலைக் குறித்திருந்தால் அதை மாற்றாதீர்கள். குறிக்காதபோதுதான் தேர்வு உங்கள் கையில்.

ராக்வெல் வேகமானது. 'சி' ஸ்கேலில் 120 பாகைக் கூம்பு வடிவ வைர முனை. முதலில் 10 கிலோகிராம் விசையால் முனையை நிலைப்படுத்தி, பிறகு மொத்தம் 150 கிலோகிராம் விசை வரை அழுத்தி, மீண்டும் 10க்குக் குறைத்து, மிஞ்சிய ஆழத்தை எந்திரமே படிக்கும். 100இலிருந்து ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் ஒரு புள்ளி குறையும். 20 முதல் 70 வரைதான் இந்த ஸ்கேல் செல்லும். அறிக்கையில் "12 எச்.ஆர்.சி." என்று வந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த உலோகத்தை 'பி' ஸ்கேலில், அதாவது 1.5875 மில்லிமீட்டர் குண்டும் 100 கிலோகிராம் விசையும் கொண்டு அளந்திருக்க வேண்டும். அதேபோல் 'பி' ஸ்கேலில் 100ஐத் தாண்டினால் 'சி'க்கு மாறச் சொல்லுங்கள்.

பிரினெல் முறை வார்ப்புகளுக்கும் பெரிய ஃபோர்ஜிங்குகளுக்கும் (அடித்து உருவாக்கிய பாகங்களுக்கும்) ஏற்றது. 10 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு குண்டை 3000 கிலோகிராம் விசையில் அழுத்துவது எஃகுக்கு வழக்கம். தடம் சில மில்லிமீட்டர் அகலம் இருப்பதால், கரடுமுரடான உள்ளமைப்பு கொண்ட வார்ப்பிரும்பில்கூட நம்பத்தக்க சராசரி கிடைக்கும். தடத்தின் விட்டம் குண்டின் விட்டத்தில் 0.24 முதல் 0.6 மடங்குக்குள் இருந்தால்தான் எண் செல்லும். மென்மையான உலோகத்துக்கு லோடைக் குறைப்பது இதற்காகத்தான்.

விக்கர்ஸ் முறைதான் எல்லாவற்றுக்கும் ஒத்துவரக்கூடியது. எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 136 பாகை கோணமுள்ள சதுர வைரப் பிரமிடு. தடத்தின் இரு மூலைவிட்டங்களையும் நுண்ணோக்கியில் அளந்து சராசரி எடுப்பார்கள். 1.8544ஐ லோடால் பெருக்கி, மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எண் வரும். 10 கிலோகிராம் விசையில் மூலைவிட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால் 206 எச்.வி. (விக்கர்ஸ் எண்). மெல்லிய தகடு, வெல்டிங்கின் வெப்பம் பட்ட பகுதி, கார்புரைஸ் செய்த (கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய) மேலடுக்கு, ஒற்றைப் படிகம் எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

கையில் எடுத்துச்செல்லும் லீப் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு சிறு பொருளை மோதவிட்டு, அது துள்ளித் திரும்பும் வேகத்தை அது அளக்கிறது. பொருள் இலேசாகவோ மெல்லியதாகவோ இருந்தால் பொருளே அதிர்ந்து எண் தவறிப்போகும். வழக்கமான 'டி' வகை முனைக்கு 5 கிலோவுக்குக் குறைந்த பொருளைக் கெட்டியான தாங்கியில் வைக்க வேண்டும். 2 கிலோவுக்கும் கீழே என்றால் கனமான அடித்தட்டோடு இடைவெளியின்றி ஒட்டவைக்க வேண்டும். கழற்ற முடியாத பெரிய பாகங்களுக்கு அருமையான கருவி. சிறிய துண்டுக்கு இதை யாராவது எடுத்து வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. சாம்பிளைத் தயார் செய்யுங்கள்

பெரும்பாலான தகராறுகள் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கின்றன, எந்திரத்தில் அல்ல.

வெட்டும்போது: கூலன்ட் தாராளமாக ஓட வேண்டும். குவென்ச் செய்த (சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கிய) எஃகை உலர்ந்த சக்கரத்தில் அறுத்தால் வெட்டுமுகம் சூடேறி டெம்பர் ஆகி, அதாவது மறுசூட்டால் கடினம் குறைந்து, மென்மையாகிவிடும். இன்னும் அதிகம் சூடேறினால் நீங்கள் அனுப்பியதில் இல்லாத புதிய மார்ட்டென்சைட்டே (சட்டென்று குளிர்ந்த எஃகின் மிகக் கடினமான அமைப்பு) அந்த இடத்தில் உருவாகலாம். வெட்டுமுகத்தில் நீலமோ பழுப்போ தெரிந்தால் அந்தப் பகுதியை முழுவதும் நீக்காமல் அளக்கக் கூடாது.

தேய்க்கும்போது: ஒவ்வோர் உப்புத்தாளும் தனக்குக் கீழே உருமாறிய ஒரு படலத்தை விட்டுச்செல்கிறது. அடுத்த, இன்னும் நயமான தாள் முந்தையதன் கீறலை மட்டும் அல்ல, அந்தப் படலத்தையும் எடுக்க வேண்டும். ஆகவே கீறல் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் தொடர்ந்து தேய்க்கச் சொல்லுங்கள். செம்பு, அலுமினியம், ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் போன்றவற்றில் இதை விட்டுவிட்டால் குறைந்த லோடு விக்கர்ஸில் எண் உயர்ந்து காட்டும். அளந்தது உலோகத்தை அல்ல, உங்கள் தேய்ப்பை. பிரினெலுக்கு நயமான கிரைண்டிங் போதும். ராக்வெலுக்கும் அப்படியே. குறைந்த லோடு விக்கர்ஸுக்குக் கண்ணாடி போன்ற பாலிஷ் வேண்டும், கடைசிக் கட்டத்தை வைரப் பசையிலோ எலக்ட்ரோபாலிஷிலோ முடிப்பது நல்லது.

ரெசினில் பதிக்கும்போது: சூடான பிரஸ்ஸில் பதித்தால் சாம்பிள் சுமார் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை போய்வரும். டெம்பர் செய்யாத, இப்போதுதான் குவென்ச் ஆன எஃகுக்கும், அறை வெப்பத்திலேயே வயதேறும் (நாளடைவில் தானாகக் கடினமாகும்) அலுமினியக் கலவைகளுக்கும் இது ஆகாது. குளிர் ரெசின் கேளுங்கள். மற்றொன்று: ரெசினில் பதித்த துண்டை ராக்வெல் எந்திரத்தில் வைக்கவே கூடாது. ரெசின் அமுங்கும், அந்த அமுக்கத்தையும் எந்திரம் ஆழமாகவே கணக்கிடும்.

ராக்வெலில் ஒரு புள்ளி என்பது 0.002 மில்லிமீட்டர்தான் என்று பார்த்தோம். சாம்பிளின் அடிமுகத்தில் ஒரு பிசிறு, துரு, எண்ணெயில் ஒட்டிய தூசி எது இருந்தாலும் எண் பல புள்ளிகள் சரியும். மேல்முகத்தைப் பளபளப்பாக்கி அடிமுகத்தை அப்படியே விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. இரண்டு முகமும் இணையாக, சுத்தமாக இருக்கட்டும்.

ஹீட் ட்ரீட்மென்ட் ஆன எஃகில் மேற்பரப்பு கார்பனை இழந்து மென்மையான தோலாகியிருக்கலாம். உள்ளே இருக்கும் கடினத்தன்மைதான் வேண்டும் என்றால் அந்தத் தோலைச் சீவிவிட்டு அளக்க வேண்டும். மேற்பரப்பின் நிலைதான் கேள்வி என்றால் தொடவே கூடாது. இரண்டில் எது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

4. தடிமனையும் இடைவெளியையும் வீட்டிலேயே கணக்கிடுங்கள்

காகிதம், பேனா, கால்குலேட்டர் போதும். இதைப் போடாமல் சாம்பிளை அனுப்பாதீர்கள்.

ராக்வெலில் வைர முனை என்றால் தடத்தின் நிரந்தர ஆழத்தைப் போல் 10 மடங்காவது தடிமன் இருக்க வேண்டும். குண்டு என்றால் 15 மடங்கு. 60 எச்.ஆர்.சி. எதிர்பார்க்கிறீர்களா? 100இலிருந்து 60ஐக் கழித்தால் 40, அதை 0.002ஆல் பெருக்கினால் ஆழம் 0.08 மில்லிமீட்டர். ஆக 0.8 மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். 40 எச்.ஆர்.சி. என்றால் 1.2 மில்லிமீட்டர். மேலடுக்கை மட்டும் கடினமாக்கிய பாகத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்: 0.4 மில்லிமீட்டர் கடின அடுக்கின் மேல் 150 கிலோகிராம் விசையை வைத்தால், உருமாறும் பகுதி அடியிலுள்ள மென்மையான எஃகுக்குள் இறங்கிவிடும். அடுக்கு நன்றாக இருந்தும் பாகம் தோற்றுவிடும். அத்தகைய பாகத்துக்குச் சூப்பர்ஃபிஷியல் ராக்வெல் (குறைந்த விசையில் எடுக்கும் ராக்வெல்) அல்லது விக்கர்ஸ்.

விக்கர்ஸில் தடிமன் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். 700 எச்.வி. கடினத்தன்மையை 1 கிலோகிராம் விசையில் அளந்தால் மூலைவிட்டம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அதனால்தான் மெல்லிய அடுக்குகளுக்கு இதைச் சொல்கிறேன்.

இடைவெளி: எஃகுக்கும் செம்புக்கும் ஒரு தடத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 3 மடங்கு தட அகலம், ஓரத்திலிருந்து 2.5 மடங்கு. விக்கர்ஸில் அலுமினியம், ஈயம், வெள்ளீயம் போன்றவற்றுக்கு மையங்களிடையே 6 மடங்கு, ஓரத்துக்கு 3 மடங்கு. பழைய தடத்துக்கு அருகே அழுத்தினால் ஏற்கெனவே விறைத்துப்போன உலோகத்தை அளப்பீர்கள், எண் கூடும். ஓரத்துக்கு அருகே அழுத்தினால் உலோகம் வெளிப்பக்கமாக விலகிக்கொடுக்கும், எண் குறையும்.

உருளை வடிவப் பாகத்தின் வளைந்த முகத்தில் ராக்வெல் எடுத்தால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். விட்டத்துக்கு ஏற்பத் திருத்தம் கூட்ட வேண்டும், அட்டவணை தரநெறியிலேயே உண்டு. திருத்தம் கூட்டப்பட்டதா என்பதை அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

5. எழுத்தில் கொடுக்க வேண்டியவை

வாய்மொழியாகச் சொன்னது சாம்பிளோடு உள்ளே போகாது. கீழே உள்ளவற்றை ஒரே தாளில் எழுதி, சாம்பிள் பையிலேயே வையுங்கள்:

- உலோகத்தின் கிரேடு, ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதி என்பதற்கான எண்), ஹீட் ட்ரீட்மென்ட் நிலை. ஆலைச் சான்றிதழின் நகல் இருந்தால் அதுவும்.
- சோதனை முறை, ஸ்கேல், லோடு, தரநெறி எண். ஐ.எஸ்.ஓ. வரிசையில் பிரினெலுக்கு 6506, விக்கர்ஸுக்கு 6507, ராக்வெலுக்கு 6508. ஏ.எஸ்.டி.எம். என்றால் முறையே இ10, இ92, இ18; நுண்கடினத்துக்கு (மிகக் குறைந்த லோடில் அளப்பதற்கு) இ384.
- எந்த முகம், எந்தெந்த இடம், எத்தனை தடம். கையால் ஒரு படம் வரைந்து அம்புக்குறி போடுங்கள்.
- ஏற்பு வரம்பு, அது சராசரிக்கா அல்லது ஒவ்வொரு தடத்துக்குமா என்பது.
- சாம்பிளைத் திருப்பித் தர வேண்டுமா என்பது.

ஒற்றைப் படிகத்தை அனுப்புபவர்கள் ஒன்று கூடுதலாக எழுத வேண்டும்: எந்தப் படிகத் தளம், முனையின் மூலைவிட்டம் எந்தத் திசையில் இருக்க வேண்டும். வழுக்கல் குறிப்பிட்ட தளங்களில், குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே நடப்பதால் அதே படிகம் ஒரு திசையில் ஓர் எண்ணும் மறு திசையில் வேறோர் எண்ணும் காட்டும். நூப் என்ற நீண்ட வடிவ வைர முனையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சோதனைக்கூடத்திடமிருந்து நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 (சோதனைக்கூடங்களின் தகுதிக்கான தரநெறி) அங்கீகாரமும் அதன் எல்லைப் பட்டியலும். சான்றிதழின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ராக்வெலுக்கு அங்கீகாரம் இருந்து விக்கர்ஸுக்கு இல்லாமல் போகலாம்; உங்கள் ஸ்கேல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

6. செலவும் நேரமும்

கட்டணத்தை முடிவு செய்வது அழுத்துவது அல்ல, தயாரிப்பு. தட்டையான, சுத்தமான துண்டில் ராக்வெல் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே துண்டை வெட்டி, பதித்து, பாலிஷ் செய்து, கடின அடுக்கின் ஆழத்தை அளக்க விக்கர்ஸ் வரிசை போட வேண்டும் என்றால் ஒரு நாள் வேலை ஆகிவிடலாம். மெதுவான எப்பாக்ஸி ரெசின் இறுகவே பல மணி நேரம் பிடிக்கும். அதை அவசரப்படுத்த முடியாது.

விலைப்பட்டியல் கேட்கும்போது இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கட்டணம் சாம்பிளுக்கா, தடத்துக்கா? வெட்டுவதும் பாலிஷும் சேர்ந்ததா? அங்கீகார முத்திரையோடு அறிக்கை வேண்டுமானால் கூடுதலா? அவசரக் கட்டணம் எவ்வளவு? சாம்பிள் தயாரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் பணம் பிடிப்பார்களா? கடைசிக் கேள்வியை மறந்தால்தான் அதிகம் வலிக்கும்.

செலவைக் குறைக்க நான் கண்ட சிறந்த வழி சாட்சித் துண்டு. பாகங்கள் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போகும்போதே, அதே ஹீட் எண் எஃகில், ஏறக்குறைய அதே தடிமனில் ஒரு துண்டைக் கூடையில் சேர்த்துவிடுங்கள். நல்ல பாகத்தை வெட்டி வீணாக்க வேண்டியதில்லை. தடிமன் மாறினால் குளிரும் வேகமும் மாறும், ஆகவே கையில் கிடைத்த மெல்லிய துண்டைப் போட்டுவிடாதீர்கள்.

7. சோதனை நடக்கும்போது உடன் இருக்க முடிந்தால்

அன்றைய சரிபார்ப்புப் பதிவைக் கேளுங்கள். உங்கள் எதிர்பார்ப்புக்கு அருகிலுள்ள எண் கொண்ட சான்று பெற்ற டெஸ்ட் பிளாக்கில் எந்திரம் சரியாகக் காட்டியிருக்க வேண்டும், 30 எச்.ஆர்.சி. பிளாக்கில் பார்த்துவிட்டு 60இல் அளப்பது போதாது. பிளாக்கின் சான்று பெற்ற முகத்தில் மட்டுமே தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரு பக்கமும் குத்தியிருந்தால் அந்தப் பிளாக் இனி உதவாது.

முனை மாற்றியதும் வரும் முதல் ஓரிரு வாசிப்புகளை விட்டுவிட வேண்டும். லோடு வைத்திருக்கும் நேரம் பிரினெலிலும் விக்கர்ஸிலும் வழக்கமாக 10 முதல் 15 நொடி. ஈயம் போன்ற உலோகங்கள் அறை வெப்பத்திலேயே மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் நேரம் நீண்டால் எண் இறங்கும். வைத்திருந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

விக்கர்ஸ் தடத்தைத் திரையில் நீங்களும் பாருங்கள். இரு மூலைவிட்டங்களும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் சாம்பிள் சாய்ந்திருக்கலாம். திருப்பி வைத்துப் பார்த்தும் அதே திசையில் வேறுபாடு தொடர்ந்தால் அது படிகத்தின் குணம். மூலைவிட்டம் 20 மைக்ரோமீட்டர் மட்டுமே இருக்கும்போது அரை மைக்ரோமீட்டர் பிசகினாலே எண்ணில் 5 சதவீதம் தவறும். இதோடு, மிகக் குறைந்த லோடில் பெரும்பாலான உலோகங்கள் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலான எண்ணைக் காட்டும்: சின்னஞ்சிறு இடத்துக்குள் உலோகம் கூர்மையாக வளைய வேண்டியிருப்பதால் டிஸ்லொகேஷன்கள் அங்கே அடர்ந்துவிடுகின்றன. ஆகவே அடுக்கு அனுமதிக்கும் வரை பெரிய லோடையே கேளுங்கள்.

8. அறிக்கை கைக்கு வந்ததும்

வெறும் "206" என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். "206 எச்.வி. 10" என்று லோடோடு இருக்க வேண்டும். பிரினெலில் குண்டின் விட்டமும் லோடும் சேர்ந்து "எச்.பி.டபிள்யூ. 10/3000" என்று வரவேண்டும்.

மாற்று அட்டவணையைப் பயன்படுத்தி விக்கர்ஸை ராக்வெலாக மாற்றியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 18265, ஏ.எஸ்.டி.எம். இ140 இரண்டிலும் அட்டவணைகள் உலோக வகைக்கு ஏற்பத் தனித்தனியாக இருக்கின்றன. எஃகின் அட்டவணையைப் பித்தளைக்குப் போடக் கூடாது, ஏனென்றால் அழுத்த அழுத்த ஒவ்வோர் உலோகமும் விறைக்கும் வேகம் வேறு. எஃகில் பிரினெல் எண்ணை 3.45ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை ஏறக்குறைய மெகாபாஸ்கலில் வரும். 200க்குச் சுமார் 690. ஒரு மதிப்பீட்டுக்கு நல்ல கணக்கு, இழுவிசைச் சோதனைக்குப் பதிலாக யாரிடமும் நீட்டாதீர்கள்.

வரம்பின் விளிம்பில் எண் நின்றால்தான் உண்மையான சிக்கல். குறைந்தபட்சம் 58 வேண்டும், அறிக்கை 58.4, நிச்சயமின்மை (அளவீடு பிசகக்கூடிய அளவு) ±1.0 என்கிறது. தேறியதா இல்லையா? இதற்கான தீர்ப்பு விதியைச் சோதனைக்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் தீர்ப்பு வாசகத்தை விட்டுவிட்டு எண்ணையும் நிச்சயமின்மையையும் மட்டும் தரச் சொல்லுங்கள்.

சாம்பிளைத் திரும்ப வாங்கி, தடங்களைத் தேய்த்து அழிக்காமல், எண்ணெய் தடவி, அறிக்கை எண் எழுதிய பையில் போட்டு வையுங்கள். வாங்குபவர் கேள்வி எழுப்பினால் அதே தடங்களை வேறொரு நுண்ணோக்கியில் மறுபடி அளக்கலாம். விக்கர்ஸிலும் பிரினெலிலும் இந்த வசதி உண்டு. ராக்வெலில் ஆழம் அந்த நொடியிலேயே படிக்கப்பட்டுவிடுவதால், பக்கத்தில் புதிய தடங்களுக்கு இடம் விட்டு வைத்திருக்க வேண்டும்.